அப்பா சேர்த்த இசைத்தட்டுகள்



சென்ற திங்கள் நமக்கு வந்த மடல்களுள் ஒன்றுக்கு இம்மாதப் பகுதி முழுவதையும் ஒதுக்கியுள்ளோம். வேலூருக்குத் தெற்கே, ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள அமிர்தியிலிருந்து கைம்பெண் ஒருவர் அதனை எழுதியுள்ளார். பெயரை வெளியிட வேண்டாமென அவர் கேட்டுக்கொண்டமையால் அதனைத் தவிர்க்கிறோம். எனினும் அவர் எழுப்பியுள்ள வினா அவருடைய இல்லத்துக்கு மட்டும் உரியதன்று. முதியோர் ஆசையோடு சேர்த்துவைத்த பொருள் ஏதேனும் ஒன்று இல்லாத வீடு நம் பங்குகளில் எத்தனை இருக்கும்?

அவருடைய கணவர் ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் நெடுங்காலம் கணக்கராகப் பணியாற்றியவர். புகைபிடித்தல், சீட்டாடுதல் போன்ற பழக்கம் எதுவும் இல்லாதவர். மாதச் சம்பளத்தில் வீட்டுச் செலவு போக மிஞ்சும் சிறு தொகைக்கு இசைத்தட்டு வாங்குவதே அவர் அறிந்த ஒரே ஆடம்பரம். அலுவலாகச் சென்னைக்குச் சென்றால் மூர் மார்க்கெட்டில் நுழையாமல் திரும்பமாட்டாராம். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் தட்டுகளை மெல்லிய துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து, உறையிலிட்டு, அலமாரியில் நெடுக்காக நிறுத்திவைப்பாராம். இவ்வாறு சேர்ந்தவை 340 தட்டுகள். அவர் இறைவனடி சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

இப்போது ஓட்டு வீட்டின் கூரை ஒழுகுகிறது. அலமாரி நிற்கும் சுவரிலும் ஈரம் ஏறிவிட்டது. பெங்களூரில் வாழும் மூத்த மகன், இணையத்தின் வழியே விற்றுவிடலாம் என்கிறார். இளைய மகன், அப்பாவின் நினைவை விலைபேசுவதா என்று கோபிக்கிறார். ஆனால் அவற்றைத் தம் வீட்டில் வைத்துக்கொள்ள அவருக்கு இடமில்லை. மகள் ஒன்றும் கூறவில்லை. இதற்கிடையே பழைய பொருள் வாங்கும் வணிகர் ஒருவர் வந்து, அலமாரியை ஒருமுறை பார்த்துவிட்டு, அனைத்துக்கும் சேர்த்து ஒரு தொகை கூறிச் சென்றிருக்கிறார். அத்தொகை நியாயமா, அநியாயமா என்பது அம்மையாருக்கு விளங்கவில்லை. "சுவாமி, விற்றால் அவருக்குத் துரோகம் செய்தவள் ஆவேனோ? விற்பதாயின் எவ்வாறு விற்பது?" என்று கேட்கிறார்.

இவ்வினாக்களுக்கு விடை காணுமுன், அலமாரியில் இருப்பது என்னவென்பதை அறிந்துகொள்வது நன்று. பொருளின் இயல்பை அறியாதவர் அதன் விலையையும் அறியார்.

தட்டின் கதை

1902-ஆம் ஆண்டு நவம்பர் திங்களில், இலண்டன் கிராமபோன் கம்பெனியைச் சேர்ந்த பிரெட் கைஸ்பர்க் என்பவர் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரலைப் பதிவு செய்தார். பதிவான மூலத்தகடுகள் கப்பலேறி ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகருக்குச் சென்றன. அங்கே தட்டுகளாக அச்சிடப்பட்டு மீண்டும் இந்தியாவை வந்தடைந்தன. எந்தப் பாட்டு யாருடையது என்பதைக் கடலுக்கு அப்பால் இருப்போர் அறிந்துகொள்ள வேண்டுமன்றோ? அதற்காகப் பாடி முடித்ததும் அந்த அம்மையார் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கக் கூறுவார். அந்தப் பழைய தட்டுகளில் இன்றும் அக்குரலைக் கேட்கலாம். 1908-இல் கல்கத்தாவைச் சேர்ந்த சியால்தாவில் தட்டு அச்சிடும் தொழிற்சாலை ஏற்பட்ட பின்னரே அந்தக் கப்பற்பயணம் ஓய்ந்தது.

அக்காலத்துத் தட்டுகளின் உயிர்ப்பொருள் அரக்கு. மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசின் அது. சோட்டா நாகபுரிக் காடுகளில் ஏழைப் பழங்குடி மக்கள் சேகரித்த அரக்கு உலகெங்கும் சென்று தட்டாயிற்று. நம் பகுதியில் பதனிட்ட தோல் அயல்நாட்டில் காலணியாகத் திரும்பப் பிறப்பதைப் போன்றதே அதுவும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் இந்த அரக்குத் தட்டு கனமானது. கீழே விழுந்தால் ஓடுபோல் உடைந்துவிடும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடமே பாடலாம். ஓர் இராகத்தை மணிக்கணக்கில் ஆலாபனை செய்து பழகிய வித்துவான்கள், மூன்று நிமிடத்துக்குள் அதன் சாரத்தைப் பிழிந்து தரக் கற்றுக்கொண்டனர். நம் திரைப்பாடல்கள் பலவும் மூன்று நான்கு நிமிடங்களுக்குள் முடிவதற்கும் இத்தட்டின் அளவே ஒரு காரணம். ஏவி.எம். படநிறுவனத்தைத் தோற்றுவித்த மெய்யப்பச் செட்டியாரும் படத்தொழிலுக்கு வருமுன், சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்னும் பெயரில் இசைத்தட்டு வணிகம் நடத்தியவரே.

1948-இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம், நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் சுற்றைச் சற்றே கடந்து சுழலும் நெடுந்தட்டை அறிமுகம் செய்தது. இதனையே எல்.பி. என்கிறோம். அடுத்த ஆண்டு ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் 45 சுற்றுச் சிறு தட்டை வெளியிட்டது. இவை வினைல் என்னும் நெகிழிப் பொருளால் ஆனவை, எளிதில் உடையா. எல்.பி.யின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் இசை அடங்கும். நம் நாட்டில் ஏழு அங்குலச் சிறு தட்டில் திரைப்படமொன்றின் இரண்டு அல்லது நான்கு பாடல்கள் வருவது வழக்கமாயிருந்தது. அமிர்தி அம்மையாரின் அலமாரியில் இம்மூவகையும் உள்ளன எனத் தெரிகிறது.

அழிந்தவையோ எண்ணில. இரண்டாம் உலகப் போரின்போது அரக்குக்குப் பஞ்சம் வந்தது. 1942-இல் அமெரிக்க அரசு தட்டுத் தொழிலுக்கு அரக்கு வழங்குவதை வெகுவாகக் குறைத்தது. பழைய தட்டுகளைத் திரட்டி உருக்கிப் புதியன செய்தனர். நம் நாட்டில் 1980-களில் ஒலிநாடா பரவியதும் வீடுகள்தோறும் தட்டுகள் பரணுக்கும் குப்பைக்கும் போயின. பழைய நூலும் தட்டும் தேடுவோரின் புகலிடமாக விளங்கிய மூர் மார்க்கெட் 1985 மே 30-ஆம் நாள் தீக்கிரையாயிற்று. இவற்றையெல்லாம் கடந்து, ஒரு கணக்கரின் அலமாரியில் 340 தட்டுகள் பழுதின்றி நிற்பது சிறிய செயலன்று.

எது விலைபோகும்?

பழையது யாவும் விலையுயர்ந்தது என எண்ணுவது பெரும்பாலோர் கொள்ளும் மயக்கம். வயதைக் கொண்டு மட்டும் எவரும் தட்டுக்கு விலை கூறார். எத்தனை தட்டுகள் அச்சிடப்பட்டன, அவற்றுள் எத்தனை இன்று எஞ்சியுள்ளன, எத்தனை பேர் அவற்றைத் தேடுகின்றனர் என்னும் மூன்றுமே விலையை அமைக்கின்றன. பட்டிதொட்டியெங்கும் ஒலித்த வெற்றிப் படத்தின் தட்டு ஆயிரக்கணக்கில் விற்றிருக்கும். ஆகவே அது இன்றும் எளிதில் கிடைக்கலாம். எவரும் நினைவில் வைத்திராத ஒரு படத்தின் தட்டோ, சில நூறே அச்சாகி, இன்று தேடுவோர் கண்ணுக்கு அகப்படாத ஒன்றாயிருக்கலாம்.

ஆனால் வெற்றித் தட்டுகளிலும் ஒரு நுட்பம் உண்டு. 1965-இல் வெளிவந்த 'திருவிளையாடல்' படத்தின் உரையாடல் தட்டை ஒலிபெருக்கியில் கேளாத ஊர் தமிழகத்தில் இருந்திருக்குமா என்பது ஐயமே. திருமண வீடு, ஊர்த் திருவிழா, மஞ்சள் நீராட்டு என எங்கும் மைக்செட்காரர்கள் அத்தகைய தட்டுகளைத் தேயத் தேய ஒலிக்கவிட்டனர். தேய்ந்த ஊசியால் உழப்பட்ட அத்தட்டுகளில் இன்று எஞ்சியிருப்பது இரைச்சலே. அதே தட்டு ஒருவர் வீட்டில் நல்ல ஊசியோடும் தூய கையோடும் ஆளப்பட்டிருக்குமாயின் அதற்குத் தனி மதிப்பு உண்டு. பேணிய கைக்கே பணம் என்று கூறினும் தவறாகாது.

தட்டின் நிலையைச் சோதிப்பது கடினமன்று. வெளிச்சத்தின் கீழே சற்றுச் சாய்த்துப் பிடித்தால் கீறல் தெரியும். விளிம்பைக் கண்மட்டத்தில் வைத்துப் பார்த்தால் வளைவு தெரியும். நடுவிலுள்ள வண்ணத்தாள் கிழிந்துள்ளதா, அட்டையுறை முழுமையாக உள்ளதா, அதில் எவரேனும் பெயர் எழுதியுள்ளனரா என்பனவும் விலையைக் கூட்டும் அல்லது குறைக்கும். அட்டையுறையின்றி வரும் எல்.பி. மதிப்பில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. அரக்குத் தட்டுகளோ பெரும்பாலும் வெறும் காகித உறையிலேயே வந்தவை. அவற்றுக்கு அக்குறை இல்லை.

விற்கப்போகிறோம் என்னும் ஆவலில் கழுவித் துலக்க முற்படுவோர் இங்கே எச்சரிக்கை கொள்ளவேண்டும். வினைல் தட்டைத் துடைக்கச் சிலர் பயன்படுத்தும் ஸ்பிரிட், அரக்குத் தட்டின் மேல் பட்டால் அரக்கையே கரைத்துவிடும். ஒலிக்கச் செய்து பார்ப்பதிலும் கவனம் தேவை. 78 சுற்றுத் தட்டின் வரிப்பள்ளம் அகலமானது, எல்.பி.யின் பள்ளம் அதில் மூன்றிலொரு பங்கே இருக்கும். ஒன்றுக்குரிய ஊசியை மற்றொன்றின்மேல் வைத்தல் கூடாது. சாவி கொடுத்து இயக்கும் பழைய கிராமபோனின் எஃகு ஊசியை வினைல் தட்டின்மேல் இறக்கினால் ஒரே முறையில் அது பாழாகும். எல்லாவற்றுக்கும் மேலாக நம் வேலூர் வெயிலை நினைவிற்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசித் திங்களில் வினைல் தட்டுகளை மூடிய காரினுள்ளோ பேருந்தின் கூரைமேலோ ஏற்றினால் இறங்குமிடத்தில் அவை அப்பளம்போல் வளைந்திருக்கும். மழை ஈரமோ பூஞ்சணத்தை வரவழைக்கும். கரையானுக்கு அட்டையுறை நல்ல விருந்து.

ஆகவே முதல் வேலை, பட்டியல் எழுதுதல். கோடிட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். ஒவ்வொரு தட்டுக்கும் நிறுவனத்தின் பெயர், வண்ணத்தாளில் அச்சிட்ட எண், படத்தின் அல்லது பாடகரின் பெயர், சுற்றின் வேகம், தட்டின் நிலை, உறையின் நிலை ஆகியவற்றை எழுதுக. பட்டியலின்றி விற்பவர், கண்ணைக் கட்டிக்கொண்டு சந்தைக்குச் செல்பவரை ஒப்பர்.

யாரிடம் விற்பது?

வாங்குவோர் நான்கு வகையினர். எடைக்கு எடுப்பவர் முதல்வர்; அவரிடம் இதனைக் கொடுப்பதைவிடக் கொடாதிருத்தல் நன்று. இரண்டாமவர் தட்டு வணிகர். அவர் கூறும் விலை, அவர் பின்னர் விற்கும் விலையைவிட வெகுவாகக் குறைந்திருக்கும். இதனை உடனே வஞ்சகம் என்று கருதிவிடலாகாது. கடை வாடகை, துப்புரவு, விலைபோகாத தட்டுகளை ஆண்டுக்கணக்கில் வைத்திருத்தல் யாவும் அவர் தலைமேல் விழுகின்றன. ஆனால் அவர் நூறு தட்டுகளில் சிறந்த பத்தை மட்டும் பொறுக்கிக்கொண்டு, மொத்தத்துக்குரிய விலையைக் கொடுத்ததாகக் கணக்குக் காட்டினால் மீதி தொண்ணூறும் நம்மிடம் சுமையாய்த் தங்கிவிடும். பொறுக்கியெடுத்தால் தனி விலை, மொத்தமாக எடுத்தால் மொத்த விலை என்பதை முன்னரே பேசிக்கொள்ளவேண்டும்.

மூன்றாமவர் தாமே கேட்டு மகிழும் பொருட்டு வாங்கும் சேகரிப்பாளர். இணையத்தின் வழியே இவரை அடையலாம். நல்ல விலை கிடைக்கும். ஆனால் காலமும் உழைப்பும் வேண்டும். அங்கே விற்பவர்கள் கேட்கும் விலையைக் கண்டு மயங்காது, உண்மையில் விற்ற விலை என்னவென்று பார்க்கவேண்டும். அஞ்சலில் அனுப்பும்போது தட்டை அட்டையுறைக்கு வெளியே, அதன் காகித உள்ளுறையோடு வைத்து, இருபுறமும் தடித்த அட்டை கொடுத்துக் கட்டவேண்டும். உள்ளே இருந்தால் வழியில் குலுங்கித் தட்டின் விளிம்பே உறையைக் கிழித்துவிடும். இன்னுமொன்று: தட்டை விற்பவர் தட்டை மட்டுமே விற்கிறார், அதிலுள்ள பாடலின் பதிப்புரிமை உரியவரிடமே இருக்கும். வீட்டார் கேட்பதற்கெனப் படியெடுத்துக்கொள்வது வேறு. படியெடுத்து விற்பது வேறு.

பழைய தட்டை இக்காலத்தில் யார் வாங்குவர் என்று ஐயுறவேண்டாம். 2022-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்ற வினைல் தட்டுகளின் எண்ணிக்கை 4 கோடியைத் தாண்டி, குறுந்தகடுகளின் எண்ணிக்கையை விஞ்சியது. 1987-க்குப் பின் அதுவே முதன்முறை. நம் நாட்டிலும் இளைஞர் சிலர் தட்டுகளைத் தேடத் தொடங்கியுள்ளனர்.

எனினும் பேராசையை அடக்கும் வரலாறு ஒன்றையும் கூறவேண்டும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் பால் மாஹினி என்பவர் தட்டுக்கடை நடத்தியவர். விற்ற ஒவ்வொன்றிலும் ஒரு படியைத் தமக்கென வைத்துக்கொண்டே வந்தார். பத்து இலட்சக்கணக்கில் தட்டுகள் சேர்ந்தன. முதுமையும் நோயும் வந்தன, கண்பார்வையும் குன்றியது. சேகரிப்பின் மதிப்பு பல கோடி டாலர் என்றனர் அறிந்தோர். வந்த பெரிய பேரம் ஒன்று, வாங்க முன்வந்த நிறுவனம் நொடித்ததால் கலைந்தது. 2008-இல் ஈபே என்னும் இணைய ஏலத்தில் 30 இலட்சம் டாலருக்கு ஒருவர் கேட்டதாகச் செய்தி பரவியது. பின்னர் அந்தக் கேள்வியே பொய்யென்று தெரியவந்தது. முடிவில் 2013-இல், பிரேசில் நாட்டுச் செல்வர் ஜெரோ பிரெய்டாஸ் அனைத்தையும் வாங்கிக்கொண்டார். உலகின் மிகப்பெரிய சேகரிப்புகளுள் ஒன்றுக்கே இந்நிலை. தாளில் எழுதிய மதிப்பு வேறு, கையில் விழும் பணம் வேறு என்பதை இதனினும் தெளிவாக எவரும் கூறவியலாது.

நான்காம் வகை வாங்குவோர் நிறுவனங்கள். இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா என்பார் விளம்பரப் பலகை எழுதும் ஓவியர், பெருஞ்செல்வர் அல்லர். ஆயினும் தம் வாழ்நாளில் நூல், இதழ், துண்டு வெளியீடு என ஏறக்குறைய ஓர் இலட்சம் பொருள்களைச் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தார். குடும்பத்தாரிடமிருந்து அத்தொகுப்பை அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. வாங்கிய பல்கலைக்கழகம் அதனைக் கப்பலேற்றிக்கொண்டு போகவில்லை. 1994-இல் சென்னையில் அவர் பெயராலேயே ஆராய்ச்சி நூலகம் நிறுவப்பட்டது. இன்று தமிழ் ஆராய்ச்சி செய்வோர் அந்த வாயிலைக் கடக்காது செல்வதில்லை. விற்ற குடும்பம் தந்தையை மறந்த குடும்பம் என்று எவரேனும் கூறுவரோ? விற்றமையாலன்றோ அவர் பெயர் நிலைத்தது!

இசைத்தட்டிலும் இத்தகையோர் உளர். சென்னையைச் சேர்ந்த வி.ஏ.கே. ரங்காராவ் சேர்த்த தட்டுகள் நாற்பதாயிரத்துக்கும் மேல் என்று லிம்கா சாதனை நூலில் இடம்பெற்றன. கேரளத்தில் கோட்டயம் மாவட்டத்துப் பிளாசனாலில், வனத்துறை சார்ந்த நிறுவனத்திலிருந்து ஓய்வுபெற்ற சன்னி மாத்யூ, தாம் சேர்த்த தட்டுகளையும் கிராமபோன் பெட்டிகளையும் 2015-இல் காட்சியகமாக அமைத்தார். அமிர்தி அம்மையாரின் பட்டியலில் அரியவை எனத் தோன்றும் பழைய அரக்குத் தட்டுகள் பத்திருந்தாலும், விற்குமுன் இத்தகையோரிடம் கருத்துக் கேட்டல் தகும்.

நியாய விலை

வாங்குவோர், விற்போர் கடமையைக் குறித்து நம் முன்னோர் ஆழ்ந்து சிந்தித்துள்ளனர். பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணி வாணிகம் செய்யவேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் இதற்கெனவே ஒரு வினாவை ஒதுக்கி, வணிகரைப்போல் நுணுகி ஆராய்கிறார். குருமடத்தில் அதனைப் படிக்கும் மாணவர்க்கு அது வறண்ட பாடமாகத் தோன்றலாம். ஒரு கைம்பெண்ணின் அலமாரிமுன் நிறுத்திப் பார்த்தால் அதன் பயன் விளங்கும்.

அவர் கூறுவனவற்றுள் மூன்றை எடுத்துக்கொள்வோம். முதலாவது, பொருளில் மறைந்துள்ள குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். ஒற்றைக்கண் குதிரையின் குறை எவர் கண்ணுக்கும் தெரியும்; அதற்கேற்ப விலையைக் குறைத்தால் போதும். தட்டின் கீறல் கண்ணுக்குத் தெரியும். ஆனால் மூன்றாம் பாட்டில் ஊசி ஒரே இடத்தில் சிக்கிச் சுழலும் என்பது கேட்டவருக்கன்றித் தெரியாது. அதனைச் சொல்லியே விற்கவேண்டும். உறை ஒன்றும் தட்டு ஒன்றுமாக மாற்றிவைத்து விற்பது பொய்யே.

இரண்டாவது, பொருளைப் பிரிவதால் விற்பவருக்கு இழப்பு நேருமாயின், அந்த இழப்பையும் கருதி விலை கேட்கலாம். ஆனால் வாங்குபவருக்கு அதனால் பெரும்பயன் உண்டு என்பதற்காகவே விலையை ஏற்றலாகாது. எவ்வளவு நுட்பமான தீர்ப்பு! கணவர் கைபட்ட தட்டைப் பிரியும் மனைவி, பிரிவின் வருத்தத்துக்கு ஏற்பச் சிறிது கூட்டிக் கேட்பதில் தவறில்லை. ஒருவர் அதனை ஆண்டுக்கணக்கில் தேடி அலைந்தார் என்றறிந்து, அவருடைய ஏக்கத்தைப் பணமாக்குதல் தகாது.

மூன்றாவதே நம் அம்மையாருக்கு மிகவும் வேண்டுவது. விற்பவர் அறியாமையால் பொன்னைச் செம்பென்று விற்றால், அறிந்தும் வாங்குபவர் அநீதி இழைக்கிறார். ஈடு செய்யவும் கடமைப்பட்டவர் ஆகிறார். பெட்டியிலிருப்பது என்னவென்று தெரியாத முதியவரிடம், தெரிந்த வணிகர் அற்ப விலைக்கு வாங்குவதைச் சாமர்த்தியம் என்று உலகம் பாராட்டலாம். ஆனால் பாராட்டினால் மட்டும் அநீதி நீதியாகிவிடாது. இதனை வாசிப்போருள் பழம்பொருள் வாங்கி விற்போர் இருப்பின் மனத்தில் கொள்வார்களாக.

யாருக்கு உரியது?

மடலில் அம்மையார் கேளாத வினா ஒன்றுண்டு. அதனையும் நாம் கூறியாக வேண்டும். உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்து, 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி பிரிகிறது. பிள்ளைகள் இருப்பின் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக உரியது. இதில் மகன், மகள் என்ற வேறுபாடு இல்லை. நிலம், வீடு ஆகியவற்றைப்போல் அலமாரியில் நிற்கும் தட்டுகளும் சொத்தே.

ஆகவே பேசும் மகன்கள் இருவரும் பேசாத மகளைக் கேளாமல் விற்பனையை முடிவு செய்தல் ஆகாது. மௌனம் சம்மதம் என்பது நீதிமன்றத்திலும் எப்போதும் செல்லாது. குடும்பத்தில் சிறிதும் செல்லாது. திருமணமாகிச் சென்ற பெண் என்பதால் அவள் பங்கு கரைந்துவிடுவதில்லை. ஒருகால் தந்தையருகே அமர்ந்து அதிகம் கேட்டவளே அவளாகவும் இருக்கலாம். தாய் மூவரையும் ஒருசேர அழைத்து, பட்டியலை நடுவில் வைத்துப் பேசவேண்டும். மூவரும் மனமொப்பித் தம் பங்கைத் தாய்க்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டால், கிடைக்கும் பணத்தில் கூரை வேய்வதற்குத் தடையேதும் இல்லை. தாய் நனையாதிருக்கும் பொருட்டு விட்டுக்கொடுக்காத பிள்ளை, தந்தையின் நினைவைக் குறித்து வாதிடுவதில் பொருளில்லை.

நினைவும் பொருளும்

இனி முதல் வினாவுக்கு வருவோம். விற்பது துரோகமா? இல்லை என்பதே நம் விடை. தட்டு கேட்பதற்காக ஆனது. ஈரச் சுவரோரம் எவரும் கேளாது பூஞ்சணம் பூத்து நிற்குமாயின், அப்போதே அவருடைய உழைப்பு வீணாகிறது. கேட்கத் தெரிந்த மற்றொருவர் கைக்குப் போனால் அவர் பேணியதன் பயன் தொடர்கிறது. கணவர் துடைத்துத் துடைத்து வைத்தது அழியாதிருக்கவேண்டும் என்பதற்கே அன்றோ?

ஆனால் இளைய மகனின் கோபத்தை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிடவும் கூடாது. பிரிவாற்றாமை சிலரிடம் கண்ணீராக வரும். சிலரிடம் சினமாக வரும். ஆகவே நாம் கூறும் வழி இது. விற்குமுன் பிள்ளைகள் மூவரும் தாயும் ஆளுக்கு மூன்று தட்டுகளைத் தமக்கெனத் தேர்ந்துகொள்க. அவற்றுக்கு விலை பார்க்கவேண்டாம். அவை அரியவையாய் இருப்பினும் இருக்கட்டும். வீட்டில் ஒலிப்பெட்டி இயங்குமாயின் ஒரு மாலை அனைவரும் அமர்ந்து, விடைபெறும் தட்டுகளுள் அவர் விரும்பியவற்றைக் கேட்டு முடியுங்கள். உறைகளின்மேல் அவர் தம் கையால் வாங்கிய தேதி, விலை ஏதேனும் குறித்திருந்தால் அவற்றைப் பட்டியலில் எழுதிக்கொள்க. முடிந்தால் படமெடுத்து வைத்துக்கொள்க. அந்த நோட்டுப் புத்தகமே பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தாவின் வரலாறாகும்.

பிறகு மீதியை மொத்தமாகவோ, வகை வகையாகவோ, குறைந்தது இருவரிடமாவது விலை கேட்டுக் கொடுங்கள். முதலில் வந்த வணிகரையும் விலக்கவேண்டாம். பட்டியலைக் காட்டி மீண்டும் விலை கூறச் செய்க. பட்டியலைக் கண்டபின் அவர் கூறும் தொகை மாறுமாயின் முன்னது எத்தகையது என்பது தானே விளங்கும். அதுவரை அலமாரியைச் சுவரைவிட்டு ஒரு சாண் நகர்த்தி, கால்களின்கீழ்க் கல் வைத்து உயர்த்துங்கள். தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்கவேண்டாம். அவர் நிறுத்தியபடியே நிற்கட்டும்.

இறுதியாக, வயது முதிர்ந்த வாசகர்களுக்கு ஒரு சொல். தட்டாயினும் தபால்தலையாயினும் பழைய நூலாயினும், ஆசையோடு சேர்த்தவர்கள் தாமே அதன் பட்டியலையும் எழுதிவைத்தல் நன்று. எது அரியது, எது எளியது, எதனை யாருக்குக் கொடுக்க எண்ணம், எதனை விற்கலாம் என்பதை உயிரோடிருக்கும்போதே பிள்ளைகளிடம் கூறுங்கள். உயில் எழுதுவோர் அதில் இதனையும் ஒரு வரி சேர்க்கலாம். பிள்ளைகளே, நீங்களும் அலமாரியைத் திறந்து, "அப்பா, இது எங்கே வாங்கியது?" என்று ஒருமுறை கேளுங்கள். அந்த விடையை எந்த வணிகரிடமும் பிற்காலத்தில் விலைகொடுத்து வாங்க இயலாது.